சிறு வீடும் முதற்படியும்: குவீன்ஸ்டவுன் தரும் பாடம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வழக்கு. சிங்கப்பூரில் நம்முள் பெரும்பாலோர் வீடு கட்டுவதில்லை, வாங்குகிறோம். ஆயினும் அப்பழமொழியின் கருத்து மாறிவிடவில்லை. கையிருப்பு, கடன், காத்திருப்பு, குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே சோதிக்கும் செயலாக வீடு வாங்குதல் இன்றும் விளங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளப் போகும் தேர்வு இது. அதற்குப் பாடநூல் இல்லை.

நகரில் வீட்டு விலை உயரும்போதெல்லாம் ஒரு யோசனை முன்வைக்கப்படுகிறது. வீட்டைச் சிறிதாக்கினால் விலை குறையும். விலை குறைந்தால் இளையரும் தனியாக வாழ்வோரும் குறைந்த வருமானத்தினரும் முதல் வீட்டை வாங்கிவிடலாம். பிறகு படிப்படியாகப் பெரிய வீட்டுக்குச் செல்லலாம் என்பதே அந்த யோசனை. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை? இவ்வினாவை ஆராய நமக்கு மிகப் பொருத்தமான இடம் குவீன்ஸ்டவுன். சிங்கப்பூரில் சாதாரண மக்கள் தவணை முறையில் அடுக்குமாடி வீடு வாங்கத் தொடங்கியது அங்கேதான். சிறிய வீடுகள் இன்று மீண்டும் எழுவதும் அங்கேதான்.

1. கேள்வியைத் தெளிவாக்குவோம்

விலை குறைவு, கட்டுப்படி என்னும் இரண்டையும் நாம் பல வேளைகளில் ஒன்றெனக் கருதிவிடுகிறோம். அவை வேறு வேறு. விலை என்பது பொருளின் மீது எழுதப்பட்ட எண். கட்டுப்படி என்பது அந்த எண்ணுக்கும் வாங்குபவரின் வாழ்க்கைக்கும் உள்ள உறவு. ஆயிரம் வெள்ளிப் பொருள் ஒருவருக்குக் கட்டுப்படியாகலாம். நூறு வெள்ளிப் பொருள் மற்றொருவருக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம்.

ஒரு வீடு கட்டுப்படியாகிறதா என்பதை அறிய மூன்று சோதனைகளை வைத்துக்கொள்வோம். முதலாவது, வாசற்படிச் சோதனை: முன்பணம் செலுத்தி உள்ளே நுழைய முடிகிறதா? இரண்டாவது, மாதச் சோதனை: தவணையைச் செலுத்திய பின்னும் உணவு, கல்வி, மருத்துவம், பெற்றோர் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் எஞ்சுகிறதா? மூன்றாவது, வாழ்நாள் சோதனை: குடும்பம் வளரும்போதும், வேலை மாறும்போதும், முதுமை வரும்போதும் அந்த வீடு உதவுகிறதா, அல்லது தடையாகிறதா? சிறிய வீடு இம்மூன்றிலும் தேறுகிறதா என்பதே நம் கேள்வி.

சொல் பற்றிய ஒரு குறிப்பும் இங்குத் தேவை. நம் நாட்டில் ‘ஈரறை வீடு’ என்றால் இரண்டு படுக்கையறைகள் என்று பொருளன்று. கூடமும் ஓர் அறையாக எண்ணப்படுவதால், ஈரறை வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. மூவறை வீட்டில் இரண்டு. தமிழகத்திலிருந்து வரும் உறவினர் இதனைக் கேட்டு வியப்பதை நாம் கண்டிருப்போம்.

2. குவீன்ஸ்டவுனில் தொடங்கிய கதை

இரண்டாம் எலிசபெத் அரசியார் 1953 ஆம் ஆண்டில் முடிசூடியதை நினைவுகூரும் வகையில் குவீன்ஸ்டவுன் அப்பெயர் பெற்றது. அதற்கு முன் அது சதுப்பும் குன்றும் தோட்டங்களும் கலந்த நிலப்பகுதி. சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் அங்குக் குடியிருப்புகளை எழுப்பத் தொடங்கியது. 1956 ஆம் ஆண்டில் எழுந்த 14 மாடி ஃபார்ஃபார் ஹவுஸ் அக்காலத்தில் பார்ப்போரை அண்ணாந்து பார்க்க வைத்த கட்டடம்.

1960 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அது கட்டி முடித்த முதல் கட்டடங்கள் ஸ்டெர்லிங் ரோட்டில் உள்ள 45, 48, 49 ஆம் எண் கொண்டவை. அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் ஏற்பட்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. வீடு கட்டும் வேகத்தை அந்நிகழ்வு மேலும் விரைவுபடுத்தியது. அக்காலத்தில் கட்டப்பட்டவற்றுள் பெரும்பாலானவை சிறிய வீடுகளே. அவை வாடகைக்கே விடப்பட்டன.

1964 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மக்களுக்கான வீட்டு உரிமைத் திட்டம் அறிமுகமானது. அத்திட்டத்தின்கீழ் முதலில் விற்பனைக்கு வந்தவை குவீன்ஸ்டவுன் வீடுகள். ஈரறை வீட்டின் விலை 4,900 வெள்ளி. மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. குத்தகைக் காலம் 99 ஆண்டுகள். விலையில் 20 விழுக்காட்டை முன்பணமாகச் செலுத்தி, எஞ்சியதைத் தவணையாகக் கட்டலாம்.

இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குவோம். ஈரறைக்கும் மூவறைக்கும் உள்ள விலை வேறுபாடு 1,300 வெள்ளி. அறைகளை மட்டும் எண்ணினால் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும்; உண்மையில் குறைந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. முன்பணத்திலோ வேறுபாடு 260 வெள்ளிதான்: ஈரறைக்கு 980, மூவறைக்கு 1,240. அறை குறைந்த அளவுக்கு விலை குறையவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆனால் அக்காலத் தொழிலாளிக்கு 980 வெள்ளியும் பெருந்தொகையே. ஆதலால் தொடக்கத்தில் வாங்க முன்வந்தோர் குறைவு. நிலையை மாற்றியது வீட்டின் அளவன்று. 1955 முதல் இயங்கிவந்த மத்திய சேமநிதியிலிருந்து பணம் எடுத்து முன்பணத்தையும் தவணையையும் செலுத்தலாம் என 1968 ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்ததே பெருந்திருப்பம். கைக்கு வரும் சம்பளம் குறையாமல், முதுமைக்கெனச் சேர்ந்த பணம் வீடாக மாறியது. இதற்கிடையே 1966 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், பொது நோக்கங்களுக்கான நிலத்தைக் குறைந்த செலவில் அரசு பெறுவதற்கு வழிவகுத்தது. குறைந்த விலையில் நிலம், அரசு மானியம், நீண்டகாலக் கடன், கட்டாயச் சேமிப்பு ஆகிய நான்கு தூண்களே அந்த முதல் வீடுகளைத் தாங்கின. சிறிய பரப்பு அத்தூண்களின் மேல் வைக்கப்பட்ட கூரை மட்டுமே.

வீடு தனித்து நிற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சந்தை, பள்ளி, மருந்தகம், தொழிற்கூடம் ஆகியன அருகிலேயே அமைந்தன. 1970 ஆம் ஆண்டில் நாட்டின் முதல் கிளை நூலகம் குவீன்ஸ்டவுனில் திறக்கப்பட்டது. தங்ளின் ஹால்ட் என்னும் பெயரில் உள்ள ‘ஹால்ட்’ ஒரு சிறு ரயில் நிறுத்தத்தைக் குறிப்பது. 2011 வரை மலாயா ரயில் பாதை அவ்வழியே சென்றது. அப்பாதையோரம் வாழ்ந்த ரயில்வே தொழிலாளர்கள் எழுப்பிய வழிபாட்டிடமே இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக விளங்குகிறது. சிறிய வீட்டில் வாழ்ந்தோர்க்கு வீட்டிற்கு வெளியே ஓர் ஊர் இருந்தது. நூலகம் படிப்பறையாயிற்று, கீழ்த்தளம் கூடமாயிற்று.

3. மறைந்து மீண்ட ஈரறை வீடு

வருமானம் உயர உயர மக்கள் பெரிய வீடுகளை நாடினர். நாலறை, ஐந்தறை வீடுகள் பெருகின. ஈரறை வீடுகள் கட்டுவது பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. ஒரு தலைமுறைக்கு ஈரறை வீடு என்பது பாட்டி வீட்டின் நினைவாகவே எஞ்சியது.

பின்னர் அது திரும்பியது. குறைந்த வருமானக் குடும்பங்களைக் கருதி 2006 ஆம் ஆண்டில் ஈரறை வீடுகள் மீண்டும் விற்பனைக்கு வந்தன. 2013 ஆம் ஆண்டில், 35 வயதைக் கடந்த, திருமணமாகாத குடிமக்கள் முதன்முறையாகக் கழகத்திடமிருந்து நேரடியாகப் புதிய ஈரறை வீடு வாங்க அனுமதிக்கப்பட்டனர். அதற்கு முன் மறுவிற்பனைச் சந்தையே அவர்களுக்கு வழி. 2015 ஆம் ஆண்டில், முதியோருக்கான ஸ்டூடியோ வீடுகளையும் ஈரறை வீடுகளையும் ஒன்றிணைத்து ‘ஈரறை ஃபிளெக்ஸி’ என்னும் வகை உருவானது. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 36 முதல் 47 சதுர மீட்டர் வரை. ஒரு பள்ளி வகுப்பறையை விடச் சிறியது என்றால் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

தனியாக வாழ்வோர்க்குத் தொடக்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முதிர்ச்சியடையாத பேட்டைகளில் மட்டுமே அவர்கள் புதிய வீடு பெறலாம். நகரை ஒட்டிய குவீன்ஸ்டவுன் போன்ற இடங்கள் அவர்களுக்குக் கிட்டவில்லை. 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்னும் புதிய வகைப்பாடு நடப்புக்கு வந்தபோது அத்தடை நீங்கியது. இன்று 35 வயதைக் கடந்த தனியர் எவ்வட்டாரத்திலும் புதிய ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று புலப்படுகிறது. 1964 இல் ஈரறை வீடு குடும்பங்களுக்கானது. இன்று அது பெரும்பாலும் தனியருக்கும் முதியோருக்கும் உரியது. வீட்டின் அளவு ஏறத்தாழ அதுவே. அதில் வாழ்வோர் மாறியுள்ளனர்.

4. ஒரு கணக்கு

பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. கீழே வரும் வீட்டு விலைகள் விளக்கத்திற்காக நாம் கற்பித்துக்கொண்டவை. கடன் விதிகளோ உண்மையானவை.

36 வயதான ஒருவர் மாதம் 3,000 வெள்ளி சம்பாதிக்கிறார் எனக் கொள்வோம். கழகக் கடனின் வட்டி ஆண்டுக்கு 2.6 விழுக்காடு. கடன் காலம் 25 ஆண்டுகள் என்றால், ஒவ்வொரு நூறாயிரம் வெள்ளிக் கடனுக்கும் மாதத் தவணை ஏறத்தாழ 454 வெள்ளி. கடன், வீட்டு விலையில் 75 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தவணை, மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. எனவே இவர் மாதம் 900 வெள்ளி வரை கட்டலாம்.

38 சதுர மீட்டர் ஈரறை வீடு 240,000 வெள்ளி என்க. முன்பணம் 60,000, கடன் 180,000, மாதத் தவணை ஏறத்தாழ 817 வெள்ளி. அருகிலேயே 65 சதுர மீட்டர் மூவறை வீடு 380,000 வெள்ளி என்க. முன்பணம் 95,000; கடன் 285,000; மாதத் தவணை ஏறத்தாழ 1,294 வெள்ளி. முதலாவது 900 வெள்ளி வரம்புக்குள் அடங்குகிறது. இரண்டாவதை அடைய மாதம் 4,300 வெள்ளிக்கு மேல் சம்பளம் வேண்டும். ஆக, மாதச் சோதனையில் சிறிய வீடு இவருக்குக் கதவைத் திறக்கிறது. இது பொய்யான நன்மையன்று, மெய்யான நன்மை.

ஆனால் கணக்கு இங்கு முடிவதில்லை. 36 வயதில் இவருடைய மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிற்குச் செல்வது சம்பளத்தில் 21 விழுக்காடு, அதாவது 630 வெள்ளி. தவணைக்கு எஞ்சிய 187 வெள்ளியைக் கைப்பணமாகச் செலுத்த வேண்டும். 60,000 வெள்ளி முன்பணத்துக்குச் சாதாரணக் கணக்கில் ஏற்கெனவே போதிய சேமிப்பு இருக்க வேண்டும். அல்லது மானியம் வேண்டும். முதன்முறை வாங்குவோர்க்கான மேம்படுத்தப்பட்ட மத்திய சேமநிதி வீட்டு மானியம், 2024 ஆகஸ்ட் முதல் குடும்பங்களுக்கு அதிகபட்சம் 120,000 வெள்ளியாகவும் தனியர்க்கு அதிகபட்சம் 60,000 வெள்ளியாகவும் உயர்ந்துள்ளது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். இவரை வாசற்படியைத் தாண்ட வைப்பது வீட்டின் சிறுமையும் மானியத்தின் பெருமையும் சேர்ந்தே என்பது இதனால் தெளிவு. மானியத்தை எடுத்துவிட்டால், சிறிய வீடும் பலருக்கு எட்டாக்கனியே.

சிறிய வீட்டுக்கு வேறு சில சிக்கனங்களும் உண்டு. நகர மன்றச் சேவைக் கட்டணம் குறைவு. அறைகலன் செலவு குறைவு. மின்கட்டணமும் பெரும்பாலும் குறைவு. இவை சிறு தொகைகளே ஆயினும் மாதந்தோறும் வருபவை. மாறாக, புதிய வீட்டுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; பெற்றோருடன் தங்க வாய்ப்பில்லாதவர் அக்காலம் முழுவதும் வாடகை செலுத்த வேண்டும். அச்செலவை எந்த விலைப்பட்டியலும் காட்டுவதில்லை.

5. பரப்புக் குறைந்தால் விலை குறையுமா?

மேற்கண்ட கணக்கில் மற்றொன்றையும் கவனிக்கலாம். 240,000 வெள்ளியை 38 ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6,300 வெள்ளி. 380,000 வெள்ளியை 65 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,850 வெள்ளி. மொத்த விலை குறைந்தபோதும் ஒரு சதுர மீட்டரின் விலை கூடியிருக்கிறது. எண்கள் நாம் கற்பித்தவையாயினும், இப்போக்கு கற்பனையன்று. காரணம் எளிது. ஒவ்வொரு வீட்டிற்கும், அது பெரிதாயினும் சிறிதாயினும், ஒரு சமையலறை வேண்டும். ஒரு குளியலறை வேண்டும். குழாய், மின்கம்பி, கதவு, மின்தூக்கி வசதி ஆகியவை வேண்டும். கட்டுமானத்தில் செலவு மிகுந்த பகுதிகள் இவையே. வெறும் தரைப்பரப்பு கொண்ட படுக்கையறையே மலிவானது. சிறிய வீட்டில் நாம் விட்டுக்கொடுப்பது அந்த மலிவான பகுதியைத்தான். 1964 இன் விலைப்பட்டியலில் அறை குறைந்த அளவுக்கு விலை குறையாததை விளங்கிக்கொள்ளவும் இது உதவுகிறது.

தனியார் சந்தையில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 50 சதுர மீட்டருக்கும் குறைந்த தனியார் வீடுகள் பெருகியபோது, வாங்கியோருள் பலர் குடியிருக்க வந்தவர் அல்லர். வாடகைக்கு விட வந்த முதலீட்டாளர். மொத்த விலை குறைவாக இருந்ததால் முதலீட்டாளர்க்கும் அது எளிதாயிற்று. அவர்கள் போட்டியிட்டதால் சதுர அடி விலை உயர்ந்தது. முதல் வீடு தேடும் இளையருக்கென எண்ணப்பட்ட சிறிய வீடு, இரண்டாம் வீடு தேடுவோரின் கைக்குச் சென்றது. நகர மறுசீரமைப்பு ஆணையம் 2012 ஆம் ஆண்டில், மத்திய வட்டாரத்துக்கு வெளியே உள்ள தனியார்த் திட்டங்களில் வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. மொத்தத் தளப்பரப்பை 70 சதுர மீட்டரால் வகுத்துக் கிடைக்கும் எண்ணிக்கையே உச்சம் எனப்பட்டது. 2019 முதல் அவ்வகுக்கும் எண் 85 ஆக உயர்த்தப்பட்டது. ஹாங்காங்கிலும் இதே அனுபவம் ஏற்பட்டது. அங்கு வீடுகள் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அளவுக்குச் சுருங்கிய பின்னரும் விலை எட்டாத உயரத்திலேயே நின்றது. இறுதியில் 2022 முதல், அரசு விற்கும் நிலத்தில் எழும் வீடு 26 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்னும் விதி பரவலாக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே. யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம் என்னும் சந்தையில், சிறிய வீடு விலையைத் தணிப்பதில்லை. அதே விலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தருகிறது. யார் வாங்கலாம், ஏன் வாங்கலாம் என்னும் வரையறை இருக்கும்போதுதான் சிறிய வீடு முதல் வீடாக நிலைக்கிறது. கழகத்தின் ஈரறை வீடு அவ்வகையில் வேறுபட்டது. வாங்குபவர் குடிமகனாக இருக்க வேண்டும். வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். அவ்வீட்டில் தாமே குடியிருக்க வேண்டும்.

6. இடமும் விலையின் பகுதியே

சிறிய வீட்டை நகரத்தின் ஓரத்தில் கட்டினால் என்ன? நிலம் மலிவு, விலையும் குறையும். இதற்குச் சென்னை ஒரு பதில் சொல்கிறது. கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், 2000 ஆம் ஆண்டு முதல் நகரின் தெற்கே கண்ணகி நகருக்கும் பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்டன. கிடைத்தவை சிறிய அடுக்குமாடி வீடுகள். கூரை உறுதியாயிற்று, ஆனால் வேலை இருந்த இடம் தொலைவாயிற்று. வீட்டுவேலை செய்த பெண்கள் பலர் பேருந்துச் செலவும் பயண நேரமும் தாங்காமல் வேலையை இழந்தனர். பிள்ளைகளின் பள்ளி மாறியது. வீட்டின் விலையை மட்டும் கணக்கிட்டால் அது மலிவு. வாழ்க்கையின் விலையைக் கணக்கிட்டால் மலிவென்று சொல்வது கடினம்.

குவீன்ஸ்டவுனின் சிறப்பு இதற்கு நேர்மாறானது. வேலையிடமும் மருத்துவமனையும் ரயில் நிலையமும் அருகில் உள்ளன. ஆனால் அச்சிறப்பே ஒரு சிக்கலையும் தோற்றுவிக்கிறது. டாசன் வட்டாரத்தில் 2015 இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்கைவில், ஸ்கைடெரஸ் ஆகிய உயர்மாடிக் குடியிருப்புகளில் பெரிய வீடுகள் சில, சில ஆண்டுகளிலேயே மறுவிற்பனையில் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டின. மானிய விலையில் முதலில் வாங்கியவருக்கு அவ்வீடு கட்டுப்படியாயிற்று. அவரிடமிருந்து வாங்க வந்த அடுத்தவருக்கு அது கட்டுப்படியாகவில்லை. பொதுப் பணத்தால் உருவான மலிவு, ஒரே ஒரு கைமாற்றத்தில் கரைந்துபோயிற்று.

இதற்கு விடையாகவே நகரை ஒட்டிய இடங்களுக்கு 2021 ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன; இன்று அவை பிரைம் வகை எனப்படுகின்றன. இவ்வீட்டை வாங்குவோர் குறைந்தது 10 ஆண்டுகள் குடியிருந்த பின்னரே விற்கலாம். விற்கும்போது கூடுதல் மானியத்துக்கு ஈடாக விலையில் ஒரு பங்கைத் திருப்பிச் செலுத்த வேண்டும். முழு வீட்டையும் எக்காலத்திலும் வாடகைக்கு விடலாகாது. அடுத்து வாங்குபவருக்கும் வருமான வரம்பு உண்டு. இது புதுமையெனத் தோன்றினும் முற்றிலும் புதியதன்று. 1971 வரை, வீட்டை விற்க விரும்பியவர் கழகத்திடமே திருப்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே சந்தை விலையில் விற்கும் உரிமை வந்தது. வீடு வாழ்விடமா, முதலீடா என்னும் பழைய கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நம் முன் நிற்கிறது.

7. வாழ்நாளின் அளவுகோல்

இனி மூன்றாம் சோதனைக்கு வருவோம். சிறிய வீடு முதற்படி என்றால், இரண்டாம் படி இருக்க வேண்டும். இல்லையேல் அது படியன்று, மேடை.

36 வயதில் தனியாக ஈரறை வீடு வாங்கிய நம் நண்பர் 40 வயதில் திருமணம் செய்துகொள்கிறார் எனக் கொள்வோம். அல்லது தாயாரை அழைத்து வந்து பராமரிக்க வேண்டியுள்ளது எனக் கொள்வோம். ஒரே படுக்கையறை. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஸ்டாண்டர்ட் வீட்டுக்கு 5 ஆண்டுகள். பிளஸ், பிரைம் வீடுகளுக்கு 10 ஆண்டுகள். விற்ற பிறகு கிடைக்கும் பணத்திலிருந்து முதலில் கடன் கழியும். பின்னர் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த தொகையும் அதற்குச் சேர்ந்திருக்க வேண்டிய வட்டியும் திரும்பச் செல்லும். மீண்டும் மானிய விலையில் புதிய வீடு வாங்கினால் மறுவிற்பனைத் தீர்வையும் உண்டு. அதற்குள் பெரிய வீடுகளின் விலையும் உயர்ந்திருக்கும். பெரிய வீட்டின் விலை சிறிய வீட்டின் விலையை விட வேகமாக உயருமானால், முதற்படியில் நிற்பவர்க்கு இரண்டாம் படி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். விலை ஏறுவதைக் கண்டு மகிழும் சிறிய வீட்டுக்காரர், அதே ஏற்றத்தால் தாம் பின்தங்குவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்குறையை உணர்ந்து சில ஏணிகளும் அமைக்கப்பட்டுள்ளன. ஈரறை வீட்டிலிருந்து மூவறை வீட்டுக்கு மாறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 15,000 வெள்ளி உயர்படி மானியம் உண்டு. வாடகை வீட்டில் வாழும், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மீண்டும் சொந்த வீடு பெற, குறுகிய குத்தகைக் காலத்துடன் ஈரறை வீடு வழங்கும் புதிய தொடக்கத் திட்டம் 2016 இல் வந்தது. இத்தகைய ஏணிகளே சிறிய வீட்டை உண்மையான முதற்படியாக்குகின்றன.

ஒருசாரார்க்கோ சிறிய வீடு முதற்படியன்று, நிறைவான இறுதிப்படி. பிள்ளைகள் தனிக்குடித்தனம் சென்ற பின் நாலறை வீட்டைப் பெருக்கித் துடைக்க இயலாத முதியோர், அதை விற்று, பழகிய பேட்டையிலேயே ஈரறை வீட்டுக்கு மாறலாம். 55 வயதைக் கடந்தோர் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பணம் செலுத்தத் தேவையில்லை. 15 முதல் 45 ஆண்டுகள் வரை குறுகிய குத்தகையைத் தெரிவு செய்யலாம். அது அவர்களின் 95 வயது வரையாவது நீடிக்க வேண்டும். 65 வயதுத் தம்பதியர்க்கு 30 ஆண்டுக் குத்தகை போதும். எஞ்சிய பணம் வாழ்க்கைச் செலவுக்கு ஆகும். அத்தகைய வீட்டைச் சந்தையில் விற்க முடியாது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தாகவும் அது பெரிதாக அமையாது. ஆனால் மூன்று சோதனைகளிலும் தெளிவாகத் தேறுவது இந்த வகையே.

கூட்டுக் குடும்ப மரபில் வந்த நமக்கு ஸ்கைடெரஸ் காட்டிய வழி சிந்திக்கத்தக்கது. அங்கு ஒரு பெரிய வீட்டையும் அதனை ஒட்டிய ஸ்டூடியோ வீட்டையும் இணையாக அமைத்து, மணமான பிள்ளைகளும் பெற்றோரும் அருகருகே வாழ வாய்ப்பளித்தனர். சிறிய வீடு தனிமையின் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய வீட்டின் பக்கத்தில் நின்றால் அது குடும்பத்தின் ஓர் அறையாகிவிடுகிறது.

குத்தகைக் காலத்தையும் மறக்கலாகாது. 99 ஆண்டுகள் நீண்டவை. ஆனால் முடிவற்றவை அல்ல. தங்ளின் ஹால்ட்டின் பழைய கட்டடங்கள் 31, அவற்றில் இருந்த 3,480 வீடுகளுடன், தெரிவு செய்யப்பட்ட ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் 2014 இல் சேர்க்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் இழப்பீடும் புதிய வீடும் பெற்று அருகிலுள்ள டாசனுக்கு இடம்பெயர வாய்ப்புப் பெற்றனர். ஆயினும் இவ்வாய்ப்பு எல்லாப் பழைய பேட்டைகளுக்கும் கிட்டுவதன்று. என்றேனும் வரும் பெருந்தொகையை நம்பி வீடு வாங்குவது கணக்காகாது.

8. முடிவாக

நாம் எழுப்பிய வினாவுக்கு விடை காணும் நேரம் இது. சிறிய தொடக்க வீடு நகரில் வீட்டுரிமையைக் கட்டுப்படியாக்குகிறதா?

வாசற்படிச் சோதனையில் அது உதவுகிறது. மானியம் உடன் வந்தால் மட்டும். மாதச் சோதனையில் அது நன்றாகவே உதவுகிறது. வாழ்நாள் சோதனையில், முதியோர்க்கு உதவுகிறது. தனியர்க்குப் பெரும்பாலும் உதவுகிறது. வளரும் குடும்பத்துக்கு, அடுத்த படி எட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே உதவுகிறது. சுருங்கச் சொன்னால், வீட்டைச் சிறிதாக்குவதால் மட்டும் அது கட்டுப்படியாவதில்லை. நிலம், மானியம், கடன், சேமிப்பு, வாங்குவோர் பற்றிய வரையறை, இடம், அடுத்த படி ஆகியவை ஒன்றுசேர்ந்தே அதனைக் கட்டுப்படியாக்குகின்றன. 1964 இல் குவீன்ஸ்டவுனில் 4,900 வெள்ளிக்கு விற்கப்பட்ட ஈரறை வீடு சொன்னதும் இதுவே. இன்று அதே பேட்டையில் எழும் ஈரறை வீடுகள் சொல்வதும் இதுவே.

இதில் ஓர் அறக்கேள்வியும் அடங்கியுள்ளது. மனிதர்க்கு எவ்வளவு இடம் போதும்? கட்டுப்படியாக்குதல் என்னும் பெயரில் பரப்பைக் குறைத்துக்கொண்டே போவது எளிது. 36 சதுர மீட்டர் ஏற்கத்தக்கது என்றால் 30 ஏன் ஆகாது, 20 ஏன் ஆகாது என்று கேட்டுக்கொண்டே செல்லலாம். மேசையிட்டுப் படிக்கும் மாணவனுக்கும், தாயின் சக்கர நாற்காலியைத் திருப்ப வேண்டிய மகளுக்கும், பொங்கலுக்கு வரும் உறவினரை உட்கார வைக்க விரும்பும் இல்லத்தார்க்கும் ஒரு குறைந்த அளவு உண்டு. அவ்வளவுக்குக் கீழே சென்றால் விலை குறையலாம். வீடு என்னும் தகுதியும் குறைந்துவிடும்.

ஆசிரியர்கள் நான்காம் பகுதியில் உள்ள கணக்கை வகுப்பில் செய்து பார்க்கலாம். வருமானத்தையும் வயதையும் வட்டியையும் மாற்றி, எந்த எண்ணை மாற்றும்போது விடை மிகுதியாக மாறுகிறது என மாணவர்கள் கண்டறியட்டும். வீட்டிலுள்ள மூத்தோரிடம் அவர்களின் முதல் வீட்டின் விலை, முன்பணம், அப்போதைய சம்பளம் ஆகிய மூன்றையும் கேட்டு எழுதி வரட்டும். அந்த மூன்று எண்களை இன்றைய எண்களின் அருகில் வைத்துப் பார்த்தால், கட்டுப்படி என்னும் சொல்லின் பொருள் அகராதி இல்லாமலே விளங்கும்.

தமிழில் வீடு என்னும் சொல் ‘விடு’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தியபோது, அதற்கு விடுதலை என்று பொருள். கடனாலும் நெருக்கடியாலும் மனிதரைக் கட்டிப்போடாமல், களைப்பை விட்டு இளைப்பாற இடம் தருவதே வீடு. அது சிறியதா பெரியதா என்பது அதன் பின் எழ வேண்டிய கேள்வி.